லேசர்ச் சிகிச்சையும் விழிவெண்படலமும்

மூக்குக்கண்ணாடி அணிந்தோர் யாவரும் அதனை என்றேனும் ஒருநாள் கழற்றிவிடல் வேண்டுமென எண்ணியிருப்பர். இறம்பொடை போன்ற மலைநாட்டு ஊர்களில் வாழ்வோர்க்கு இவ்வெண்ணம் சற்று மிகுதியாகவே தோன்றுதல் கூடும். மூடுபனியிலும் தூறலிலும் நடந்து, பத்தடிக்கு ஒருமுறை கண்ணாடியைத் துடைத்துச் சலித்தவர்க்கே அதன் தொல்லை தெரியும். ஆகவே, சில நிமிட நேரச் சிகிச்சையால் கண்ணாடியின் துணையின்றியே தெளிவாகக் காணலாம் என்னும் செய்தி பரவியபோது, பலர் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பொன்றுமில்லை. இன்று இச்சிகிச்சை கொழும்பிலும், கடலுக்கு அப்பால் சென்னை, மதுரை முதலிய நகரங்களிலும் நடைபெறுகின்றது. தொழிலின் பொருட்டு வெளிநாடு சென்ற நம்மவருள்ளும் ஆங்காங்கே இதனைச் செய்துகொண்டோர் உளர்.

இக்கட்டுரை இச்சிகிச்சையைப் புகழவோ இகழவோ எழுந்ததன்று. சிகிச்சை முடிந்து, பார்வை தெளிந்து, அதனைச் செய்துகொண்டதே மறந்துபோன பின்னர், ஐந்தாண்டோ பத்தாண்டோ கழித்து விழிவெண்படலத்தில் நேரக்கூடிய சில மாற்றங்களை விளக்குதலே இதன் நோக்கம். இவை அரியவை, ஆயினும் காலத்தே அறியப்படின் அவற்றுட் கொடியதையும் தடுத்து நிறுத்தல் இயலும். அவ்வாறு அறிவதற்கு வேண்டுவனவற்றைப் பழைய மாணவர்க்கும், இனி இச்சிகிச்சையை நாட எண்ணும் இளைஞர்க்கும் எடுத்துரைத்தல் பயனுடைத்து எனக் கருதுகின்றேன்.

சாளரமும் அதன் வளைவும்

விழிவெண்படலம் என்பது கண்ணின் முன்புறத்தே அமைந்த தெளிந்த சாளரம். அதில் குருதிக்குழாய் ஒன்றேனும் இல்லை. நடுவிடத்தில் அதன் தடிப்பு ஏறத்தாழ 540 மைக்ரோமீற்றர்; அஃதாவது அரை மில்லிமீற்றருக்குச் சிறிதே கூடுதல். கண்ணினுள்ளே இருக்கும் வில்லையே ஒளியைக் குவிக்கும் பெரும்பணியைச் செய்கின்றதென மாணவர் பலர் எண்ணுவர். உண்மையில், கண்ணின் மொத்த வலுவாகிய 60 டயொப்டரில் ஏறத்தாழ 43 டயொப்டரைத் தருவது இம்மெல்லிய படலமே. டயொப்டர் என்பது கண்ணாடிச் சீட்டில் வைத்தியர் எழுதித் தரும் எண்ணின் அலகு. எனவே இப்படலத்தின் வளைவை எள்ளளவு மாற்றினும் பார்வை மாறும்.

இவ்வுண்மையைப் பயன்கொள்ள முயன்றவர்களின் வரலாறு லேசருக்கு மிக முற்பட்டது. ஜப்பானிய வைத்தியர் சுடோமு சாட்டோ என்பார் 1940களிலும் 1950களிலும் குறும்பார்வையுடையோரின் விழிவெண்படலத்தில் முன்புறமும் பின்புறமும் கீறல்கள் இட்டு அதனைத் தட்டையாக்கினார். முதலில் நற்பயன் கிடைத்தது. ஆனால் அப்படலத்தின் உட்பக்கத்தே ஒற்றை அடுக்காக அமைந்த கலங்களே அதனை நீர் கோவாது தெளிவாக வைத்திருக்கின்றன என்பதும், அக்கலங்கள் ஒருமுறை அழியின் மீள உண்டாவதில்லை என்பதும் அக்காலத்தில் நன்கு அறியப்படவில்லை. இருபது ஆண்டளவில், சிகிச்சை பெற்ற பலரின் கண்கள் நீர்கோத்து மங்கின. கண்ணைப் பொறுத்தமட்டில் ஓராண்டு ஈராண்டு நலமாயிருத்தல் போதிய சான்றாகாது என்பதை மருத்துவ உலகம் இங்ஙனமே கற்றது.

பின்னர் 1970களில் மொஸ்கோவில் ஸ்வியாடொஸ்லாவ் ஃபியோடொரோவ் என்பவர் முன்புறத்தில் மட்டும் ஆரைகளைப்போலக் கீறும் முறையைப் பரப்பினார். அதன் குறை மற்றொரு வகையாக வெளிப்பட்டது. இம்முறையில் சிகிச்சை பெற்றிருந்த அமெரிக்க வைத்தியர் பெக் வெதர்ஸ் 1996 மே மாதம் எவரெஸ்ட் மலையில் ஏறியபோது, உயரத்தின் ஒட்சிசன் குறைவால் அவருடைய விழிவெண்படலம் வடிவம் மாறி, மலைச்சரிவிலேயே பார்வை இழந்தார். அன்றிரவு வீசிய புயலில் உயிர் தப்பியது அரிதினும் அரிது. மலைநாட்டு வாசகர் இதனைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். எவரெஸ்ட்டோ 8,800 மீற்றருக்கும் மேல்.

சென்னையிற் பிறந்த அறிஞர்

கத்தி செய்த இவ்வேலையை ஒளியிடம் ஒப்படைத்த பெருமையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. ரங்கசாமி ஸ்ரீநிவாசன் 1929 இல் சென்னையிற் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயின்று பட்டங்கள் பெற்று, அமெரிக்கா சென்று 1956 இல் கலாநிதியானவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ஒளியினால் நிகழும் இரசாயன மாற்றங்களை ஆராய்ந்துவந்தார். அங்கே ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும் என்போர் அவருடைய துணைவர்.

1981 நவம்பர் 27 ஆந் திகதி, அமெரிக்கரின் நன்றிநவிலற் திருநாளுக்கு மறுநாள், விருந்தில் எஞ்சிய வான்கோழியின் பகுதிகளை ஸ்ரீநிவாசன் ஆய்வுகூடத்திற்குக் கொண்டுவந்தார். (இந்துக் கல்லூரி மலரில் வான்கோழி நுழைந்தமையை வாசகர் பொறுப்பாராக.) 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள புற ஊதா லேசரை அதன்மேற் செலுத்தியபோது, கத்தியாலும் இயலாத செப்பமான வெட்டு உண்டாயிற்று, ஓரங்கள் சிறிதும் தீயவில்லை. பச்சை நிற லேசரைச் செலுத்திய இடமோ கருகிக் கிடந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் இரசாயனத்தில் உள்ளது. 193 நனோமீற்றர் ஒளியின் ஒவ்வொரு துணுக்கும் மூலக்கூறுகளின் பிணைப்பை நேரே அறுக்கும் வலுவுடையது. அறுந்த துண்டுகள் வெப்பத்தையும் உடன்கொண்டு பறந்துவிடுவதால், அடுத்துள்ள இழையம் சூடேறுவதில்லை. ஒரு துடிப்பில் நீங்கும் ஆழம் ஒரு மைக்ரோமீற்றரின் காற்பங்கு அளவினதே.

நியூயோர்க்கின் கண் வைத்தியர் ஸ்டீவன் ட்றொக்கலுடன் சேர்ந்து, இவ்வொளியால் விழிவெண்படலத்தைச் செதுக்கலாம் என 1983 இல் ஸ்ரீநிவாசன் கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1995 இல் மேற்பரப்பைச் செதுக்கும் முறைக்கு அனுமதி அளித்தது. கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் வைத்தியர் இயோனிஸ் பல்லிக்காரிஸ் 1990 அளவில் வகுத்த முறையே இன்று யாவரும் அறிந்த லேசிக். அதில் முதற்கண் படலத்தின் மேற்பகுதி ஒரு மடலாக வெட்டித் திறக்கப்படும். கீழுள்ள பகுதி லேசரால் செதுக்கப்படும். பின் மடல் மூடப்படும். நோவு குறைவு, மறுநாளே பார்வை தெளியும். அதனாலேயே அது பெருவழக்காயிற்று.

கழித்தற் கணக்கு

செதுக்கப்பட்ட இழையம் மீண்டும் வளர்வதில்லை. பிற்காலத்து விளைவுகளுட் கொடியது இதனோடு தொடர்புடையது. மாணவர் தாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 6 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் ஒரு டயொப்டர் குறும்பார்வையைத் திருத்த ஏறத்தாழ 12 மைக்ரோமீற்றர் ஆழம் நீங்குதல் வேண்டும்.

550 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள படலமுடைய ஒருவர்க்கு 4 டயொப்டர் குறும்பார்வை என்க. மடலுக்கு 110, செதுக்கலுக்கு 48 போக, அடியில் எஞ்சுவது 392 மைக்ரோமீற்றர். இனி 490 தடிப்பும் 8 டயொப்டர் குறும்பார்வையும் உடைய மற்றொருவர். அவர்க்குப் பழைய வகைக் கருவியால் 160 தடிப்பில் மடல் வெட்டப்படுகின்றது. செதுக்கலுக்கு 96. எஞ்சுவது 234. குறைந்தது 250 ஆவது எஞ்சல் வேண்டுமென்பது நெடுநாள் வழங்கிய விதி. 300 எஞ்சுதல் நன்றென்பாரும் உளர். மடலும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் நூற்றுக்கு 40 பங்கை எட்டுதல் ஆகாதென்பது அண்மைக்காலத்துக் கருத்து. நாம் கூறிய இருவருள் முன்னவர்க்கு அது 29 விழுக்காடு; பின்னவர்க்கு 52.

மடல் மூடப்பட்டதாயின் அதன் தடிப்பையும் ஏன் கணக்கிற் சேர்த்தல் கூடாது என வினவலாம். மூடிய மடல் ஒட்டியிருக்கின்றதேயன்றி, அறுந்த கொலாஜன் நார்கள் பழையபடி பின்னிக்கொள்வதில்லை. தாங்கும் வலிமைக்கு அது பெரிதும் உதவாது. மேலும், படலத்தின் முற்பகுதியிலுள்ள நார்களே மிக நெருங்கிப் பின்னியவை. வலிமையின் பெரும்பங்கு ஆங்கேயே உள்ளது. கண்ணின் உள்ளமுக்கமோ இரவும் பகலும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டேயிருக்கும். வலுக்குறைந்த படலம் மெல்ல மெல்ல முன்னோக்கிப் பிதுங்கிக் கூம்பு வடிவை அடையும். பிறவியிலோ இளமையிலோ இயல்பாகத் தோன்றும் கூம்புநோய்க்கும் இதற்கும் தோற்றத்தில் வேறுபாடு சிறிதே.

இந்நிலையை 1998 இல் முதலில் விளக்கி எழுதியவர் ஜெர்மானிய வைத்தியர் தியோ சைலர். அவர் எடுத்துக்காட்டிய நோயாளர் ஒருவர்க்குச் சிகிச்சைக்கு முன்னரே கூம்புநோயின் மறைந்த தொடக்கம் இருந்தது. பின்வந்த ஆராய்ச்சிகளும் இதனையே வலியுறுத்தின: எஞ்சிய தடிப்பினும் முன்னிருந்த மறைந்த கோணலே பெரிய ஆபத்து. வெறும் கண்ணாடிப் பரிசோதனையில் அது தெரியாது. விழிவெண்படலத்தின் வளைவையும் தடிப்பையும் இடத்துக்கிடம் அளந்து நிறப்படமாகக் காட்டும் கருவியே அதனைக் காட்டவல்லது. இப்பிதுக்கம் நேர்வது நூற்றுக்கு 0.04 முதல் 0.6 வரை எனப் பல அறிக்கைகள் கூறுகின்றன. பெரும்பாலும் முதலிரண்டு ஆண்டுகளில் தோன்றும். பத்தாண்டு கழித்துத் தோன்றியதும் உண்டு. மடலின்றிச் சிறு துளை வழியாக உள்ளிழையத்தை எடுக்கும் புதிய முறையிலும் இது முற்றும் நீங்கிவிடவில்லை.

இதன் அறிகுறிகள் மிக எளியனவாதலால் ஏமாற்றக்கூடியவை. விட்டகன்ற கண்ணாடி எண் மீண்டும் வரும்; சரிவுக்கோண எண் ஆண்டுக்காண்டு ஏறும்; இரவில் ஒரு விளக்கு நிழலோடு இரண்டாகத் தோன்றும்; புதிய கண்ணாடி போட்டும் எழுத்தின் ஓரம் தெளியாது. வயதாகிவிட்டது என்று தாமே சமாதானம் கூறிக்கொண்டு கண்ணாடிக் கடையோடு நின்றுவிடுவோர் பலர். லேசர்ச் சிகிச்சை பெற்றவர்க்கு இவ்வறிகுறி தோன்றின், கண் வைத்தியரிடம் சென்று மேற்கூறிய படத்தை எடுக்குமாறு கேட்டல் வேண்டும்.

அவ்வாறு கேட்பதன் பயன் பெரிது. ஏனெனில் இன்று இதற்கு மருந்துண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சைலரும் அவர்தம் துணைவரும் ஒரு முறையை உருவாக்கி, 2003 இல் அதன் பயனை வெளியிட்டனர். விற்றமின் பி2 ஆகிய ரைபோஃபிளேவினைத் துளியாக இட்டுப் படலத்தை ஊறச்செய்து, ஏறத்தாழ 370 நனோமீற்றர் புற ஊதாக் கதிரை முப்பது நிமிடம் பாய்ச்சுவர். கொலாஜன் நார்களிடையே புதிய குறுக்குப் பிணைப்புகள் தோன்றிப் படலம் விறைப்படையும். 193 நனோமீற்றர் பிணைப்பை அறுத்த இடத்தில் 370 நனோமீற்றர் பிணைப்பை உண்டாக்குகின்றது. இரசாயனம் பயிலும் மாணவர் நினைவிற் கொள்ளத்தக்க ஒரு விந்தை இது. இரண்டும் ஊதாவுக்கு அப்பாற்பட்ட கதிர்களே. அமெரிக்காவில் இம்முறை 2016 இல் அனுமதி பெற்றது. ஆயின் இது பிதுக்கத்தை நிறுத்துமேயன்றி, பிதுங்கியதைப் பெரிதும் திருப்பாது. படலம் 400 மைக்ரோமீற்றருக்கும் மெலிந்த பின் வழக்கமான முறையிற் செய்தலும் அரிது. எனவேதான் முந்திக்கொள்ளல் வேண்டும் என்பது. முந்தத் தவறியோர்க்கு வன்மையான தொடுவில்லை பார்வை தரும். அதுவும் பயன்படாவிடின் இறந்தோர் ஈந்த படலத்தை மாற்றிப் பொருத்துவதே வழி.

ஏனைய சில

மடல் ஒட்டியிருக்கின்றதேயன்றி முழுதும் ஆறியதன்று எனக் கூறினோம். ஆகவே பல்லாண்டு கழித்தும் ஓர் அடியினால் அது விலகுதல் கூடும். பந்தோ, குழந்தையின் விரலோ, கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சியோ கண்ணில் தாக்கிப் பார்வை திடீரென மங்கின், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். ‘பழைய லேசிக் சிகிச்சை’ என்னும் செய்தியை முதலிலேயே கூறுதலும் வேண்டும். கூறாவிடின் பரிசோதிப்பவர் அதனை ஐயுறாமற் போகலாம்.

மடல் வெட்டும்போது படலத்தின் நரம்புகளும் அறுபடுகின்றன. அதனாற் கண் உலர்தல் பொதுவானது; பெரும்பாலார்க்குச் சில மாதங்களிற் குறையும், சிலர்க்கு நிலைக்கும். அமெரிக்க நிருவாகம் நடத்திய ஆய்வில், முன்னர் உலர்வு இல்லாதோருள் 28 விழுக்காட்டினர் வரை மூன்று மாதத்தில் அதனை உணர்ந்தனர். முன்னர் எவ்விதப் பார்வைக் குறையும் இல்லாதோருள் 46 விழுக்காட்டினர் வரை விளக்கைச் சுற்றிய ஒளிவட்டம் போன்ற புதிய குறை ஒன்றையாவது கூறினர். எனினும் அன்றாடப் பணிக்கு மிக இடையூறுற்றோர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவே. இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கப்பட்ட காலத்தில் அந்நிருவாகத்தில் உயர்பதவி வகித்த மொரிஸ் வக்ஸ்லர், 2011 இல் அவ்வனுமதியை மீளப்பெறுமாறு விண்ணப்பித்தார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, ஆயினும் நோயாளர்க்கு ஆபத்துக்களைத் தெளிவுற எடுத்துரைத்தல் வேண்டுமென்னும் வழிகாட்டி வரைவொன்றை அந்நிருவாகமே 2022 இல் வெளியிட்டது. இரு சாராரும் கூறுவதைக் கேட்டபின் முடிவு செய்தலே அறிவுடைமை என்பது என் கருத்து.

மலைநாட்டினர்க்கு உரிய செய்தி ஒன்றுண்டு. மடலின்றி மேற்பரப்பைச் செதுக்கும் முறையிற் சிகிச்சை பெற்றோர்க்குச் சில மாதங்கள் கழித்துப் படலத்தில் வெண்மங்கல் தோன்றுதல் உண்டு. மிகுந்த புற ஊதாக் கதிர் அதனைத் தூண்டும். ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்திற்கும் அக்கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகின்றது. குளிர் காரணமாக வெயிலின் கடுமையை நாம் உணர்வதில்லை. எனவே அம்முறையிற் சிகிச்சை பெற்றோர் முதலாண்டு முழுவதும் நிறக்கண்ணாடி அணிதல் நன்று. ஒவ்வாமையாற் கண் அரிப்பின், கசக்குதலை அறவே விடுதல் வேண்டும். விரல் முட்டியால் கண்ணை அழுத்தித் தேய்க்கும் பழக்கம் கூம்புநோய்க்குத் துணைபோகின்றது. மெலிந்த படலத்தை அது மேலும் வருத்தும்.

ஒரு தாளின் தேவை

இருபத்தைந்து வயதிற் சிகிச்சை பெற்ற ஒருவர்க்கு அறுபது வயதிற் கண்புரை வரலாம். புரையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்துமுன், அதன் வலுவை விழிவெண்படலத்தின் வளைவைக் கொண்டு கணிப்பர். லேசர் முன்பக்கத்தை மட்டும் மாற்றியிருப்பதால் வழக்கமான கருவி படலத்தின் வலுவை மிகுத்துக் காட்டும். அதன்படி தேர்ந்த வில்லை வலுக்குறைந்ததாகி, சிகிச்சைக்குப் பின் எட்டப்பார்வையும் கிட்டப்பார்வையும் மங்கும். குளுக்கோமாவிலும் இத்தகைய சிக்கல் உண்டு. கண்ணமுக்கத்தை அளக்கும் கருவி ஏறத்தாழ 520 மைக்ரோமீற்றர் தடிப்பைக் கருதி அமைக்கப்பட்டது. செதுக்கி மெலிந்த படலத்தில் அது உண்மையினும் குறைந்த அமுக்கத்தையே காட்டும். நோயிருந்தும் இல்லையெனத் தோன்றும்.

இவையிரண்டையும் திருத்திக் கணிக்க வழிகள் உள. பழைய அளவுகள் கிடைப்பின் அவை எளிதாகும். ஆனால் முப்பது ஆண்டுகளில் சிகிச்சை நிலையம் இடம் மாறலாம், மூடப்படலாம், பதிவேடுகள் அழிக்கப்படலாம். ஆதலின் சிகிச்சை பெறுவோர் அன்றே கேட்டுப் பெற்றுப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைக்கவேண்டியது ஒரு தாள்: சிகிச்சைக்கு முன்னிருந்த கண்ணாடி எண், இரு கண்களின் வளைவளவு, நடுத் தடிப்பு, முறையின் பெயர், மடலின் தடிப்பு, செதுக்கிய ஆழம், சில மாதங்களுக்குப் பின் நிலைத்த எண், நாள். வளைவின் நிறப்படப் பிரதியும் இருப்பின் மிக நன்று. ஏற்கெனவே சிகிச்சை பெற்றோர் இன்றே எழுதிக் கேட்டல் தகும். சில நிலையங்களில் இன்னும் கிடைக்கும்.

அத்தாளுக்கு இந்நாட்டில் மற்றொரு பயனும் உண்டு. மாணவராயிருந்த காலத்தில், 1958 இல், இறந்தோரின் கண்களைத் தருமாறு பத்திரிகை வாயிலாக வேண்டுகோள் விடுத்த வைத்தியர் ஹட்சன் சில்வா, 1961 இல் இலங்கைக் கண் தானச் சங்கத்தை நிறுவினார். 1964 இல் சிங்கப்பூருக்குத் தொடங்கிய அனுப்புகை பின்னர் பல நாடுகளுக்கும் விரிந்தது. பிதுங்கிய படலம் மாற்றப்பெறும் அயல்நாட்டவர் எத்தனையோ பேர் இலங்கையரின் கண்ணாற் காண்கின்றனர். லேசரால் செதுக்கப்பட்ட படலமோ முழுத்தடிப்பு மாற்றுக்கு ஏற்கப்படுவதில்லை. அதன் உட்பக்கக் கலங்கள் நலமாயின், அவ்வடுக்கை மட்டும் பொருத்தும் சிகிச்சைக்குப் பயன்படும். ஆகவே கண் தானப் படிவத்தில் ஒப்பமிட்டுள்ள பழைய மாணவர், லேசர்ச் சிகிச்சை பெற்ற செய்தியையும் ஆண்டையும் வீட்டார்க்குக் கூறி வைத்தல் வேண்டும். இறந்து சில மணி நேரத்துள் கண்ணை எடுக்க வருவோர் கேட்கும் வினாக்களுள் அதுவும் ஒன்று.